ஆமைக் குஞ்சுகளைக் குளிர்காலத்தில் உறங்க விடுவதா?



புரட்டாதி கழிந்து ஐப்பசி பிறக்கும் நாட்களில் நொய்கெல்னில் உள்ள எங்கள் வீடுகள் சிலவற்றில் ஒரு கேள்வி ஓடத் தொடங்கும். பிள்ளைகள் கோடையில் ஆசைப்பட்டு வாங்கிய சிறிய நில ஆமைகளைக் குளிர்காலத்தில் உறங்க விடுவதா, விழித்திருக்க வைப்பதா? என்னிடம் இதைக் கேட்டவர்களில் அநேகர் தாய்மார். பிள்ளை நூலகத்தில் எடுத்த புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து, "அம்மா, இவையைக் குளிர்சாதனப்பெட்டிக்குள்ள வைக்க வேணும்" என்று சொன்னபோது வயிற்றைக் கலக்கிவிட்டதாம். உயிருள்ள ஒன்றைப் பாலுக்கும் தயிருக்கும் பக்கத்தில் மூன்று மாதம் பூட்டி வைப்பதா? கேட்கிற யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

வீட்டில் அம்மம்மா இருந்தால் வேறொரு வழக்கும் சேர்ந்து வரும். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்ற பழமொழியை அவர்கள் கடல் கடந்தும் கைவிடவில்லை. திருமாலே கூர்மாவதாரம் எடுத்தவர் என்று சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் இறங்கி வருவார்கள். ஆனால் அவர்கள் சொல்லும் இன்னொரு பேச்சுக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். "ஊரிலே கிணத்துக்குள்ள ஆமை கிடந்தது. அதுக்கு ஆர் விளக்குப் போட்டது, ஆர் குளிர்ப்பெட்டி வாங்கினது?" என்பார்கள். கிணற்றாமை நீரில் வாழும் இனம். எங்கள் ஊர்க் கிணற்று நீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும். மார்கழியில் யாழ்ப்பாணத்தின் மிகக் குறுகிய பகல்கூடப் பதினொன்றரை மணித்தியாலம். பேர்லினில் அதே நாளில் ஏழரை மணித்தியாலத்துக்குச் சற்று மேல், அதிலும் சூரியனைக் காண்பது அதிர்ஷ்டம். ஊர் ஆமையின் கணக்கை இங்குள்ள ஆமைக்குப் போட முடியாது.

ஆகவே உறக்கத்தைப் பற்றி யோசிக்க முன்னர் உங்கள் வீட்டில் இருப்பது எந்த இனம் என்று பாருங்கள். ஜேர்மனியில் வீடுகளில் அதிகம் வளர்வது கிரேக்க நில ஆமை. கிரிஷிஷே லண்ட்ஷில்ட்க்ரோட்டே என்று கடைப் பற்றுச்சீட்டில் எழுதியிருக்கும். இத்தாலி, பால்கன் நாடுகள், கிரேக்கம் ஆகியவை இதன் தாயகம். பெரும்பாலும் கிரேக்கத்தில் வாழும், ஓட்டின் பின் ஓரம் பாவாடைபோல் விரிந்த பெரிய ஆமையும், மத்திய ஆசியாவின் உலர் புல்வெளிகளில் வாழும் ஸ்டெப் ஆமையும் உண்டு. இவற்றின் தாயகங்களில் குளிர்காலம் உண்மையான குளிர்காலம். அங்கே இவை மண்ணுக்குள் புதைந்து மாதக் கணக்கில் கிடக்கும். மூரிஷ் ஆமை என்று ஒன்றும் விற்கிறார்கள். அதில் வட ஆபிரிக்காவின் சூடான கரையோரங்களைச் சேர்ந்த சில வகைகளுக்கு நீண்ட உறக்கம் பழக்கமில்லை. அதை வைத்திருப்பவர்கள் எந்தப் பகுதி வழிவந்தது என்று விசாரித்த பின்பே முடிவெடுக்க வேண்டும்.

எங்கள் நாட்டு நட்சத்திர ஆமையோ முற்றிலும் வேறு. இலங்கையின் உலர் வலயத்திலும் தென்னிந்தியாவிலும் வாழும் அந்த ஆமை கடும் வெயில் காலத்தில் பற்றைக்குள் ஒதுங்கிக் கிடந்து, மழை விழுந்ததும் சுறுசுறுப்பாகும். குளிர்கால உறக்கம் என்பது அதன் உடம்புக்கே தெரியாது. அதைக் குளிர்சாதனப்பெட்டியில் வைத்தால் செத்துப்போகும். கறுப்பு ஓட்டில் மஞ்சள் கதிர்கள் விரிந்த அந்த ஆமையை "ஊர்ச் சாமான்" என்று யாராவது மலிவாகத் தர வந்தால் வாங்காதீர்கள். 2019ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய மாநாட்டில் அது மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கடத்தி வந்ததை வாங்கினால் ஆமையும் போகும், வழக்கும் வரும்.

இனி கிரேக்க நில ஆமையை வைத்துக்கொண்டே பேசுகிறேன்.

ஜேர்மன்காரர் இங்கே ஒரு சொல் வேறுபாடு காட்டுகிறார்கள். முள்ளெலி உறங்குவதை விண்டர்ஷ்லாப் என்பார்கள், குளிர்கால உறக்கம். ஆமைக்கு விண்டர்ஸ்டாரே, குளிர்கால விறைப்பு. முள்ளெலி தன் உடம்புச் சூட்டைத் தானே குறைத்து உறங்குகிறது. வேண்டியபோது தானே சூடேற்றி எழும்பவும் அதனால் முடியும். ஆமைக்குச் சொந்தச் சூடு கிடையாது. சுற்றியுள்ள மண் என்ன சூட்டில் இருக்கிறதோ அதுவே அதன் உடம்புச் சூடு. மண் 5 பாகைக்கு இறங்கினால் உடம்பும் 5 பாகைக்கு இறங்கி, இதயம் மிக மெதுவாக அடிக்கும், மூச்சு அரிதாக வரும், சேமிப்பிலிருந்து செலவழிவது மிகச் சொற்பமாக இருக்கும். அது பசியோடும் பயத்தோடும் இருட்டில் காத்திருப்பதாக நாங்கள் கற்பனை செய்வது எங்கள் மனத்தை அதற்குக் கொடுத்துப் பார்ப்பதால்தான்.

இங்கிலாந்தில் கில்பேர்ட் வைட் என்ற பாதிரியார் தன் அத்தை வளர்த்த ஆமை ஒன்றை 1780ஆம் ஆண்டு செல்போர்ண் என்ற தன் கிராமத்துக்குக் கொண்டுவந்தார். அது மாரி தொடங்கும்போது தோட்டத்து மண்ணைத் தோண்டி இறங்குவதையும், இளவேனிலில் தலை நீட்டுவதையும் ஆண்டுதோறும் குறித்து வைத்தார். திமோத்தி என்று ஆண்பெயர் வைத்திருந்தார்கள். பின்னர்தான் அது பெண் என்று தெரிந்தது. 1793இல் வைட் இறந்த பிறகும் அந்த ஆமை உயிரோடிருந்தது. அதன் ஓடு இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதை யாரும் உறங்க வைக்கவில்லை, தானே உறங்கியது.

"அது பெரிய ஆமை, எங்களுடையது நெருப்புப்பெட்டி அளவுதானே" என்பீர்கள். தாயகத்தில் முட்டைகள் ஆவணி, புரட்டாதியில் பொரிக்கின்றன. வெளியே வரும் குஞ்சு பத்துப் பன்னிரண்டு கிராம்தான் நிறை. அது சில கிழமைகள் மேய்ந்துவிட்டு, தாயும் இல்லாமல், மண்ணுக்குள் இறங்கித் தன் முதல் குளிர்காலத்தைக் கழிக்கிறது. சின்னது என்பதால் மட்டும் உறங்கக் கூடாது என்பதற்கு இயற்கையில் ஆதாரம் இல்லை.

இருந்தும் வளர்ப்பவர்களிடையே இரண்டு கட்சி உண்டு. பிரித்தானியாவில் பலர் முதல் இரண்டு மூன்று குளிர்காலத்தைத் தவிர்க்கச் சொல்லி வந்தார்கள். அதற்கு ஒரு பின்னணி இருக்கிறது. 1984இல் ஐரோப்பிய சமூகம் தடை போடும் வரை, காட்டில் பிடித்த ஆமைகள் பெருந்தொகையாகக் கப்பலில் வந்து இறங்கின. பயணத்தில் நலிந்தவற்றை வைக்கோல் பெட்டியில் போட்டுத் தோட்டக் கொட்டிலில் வைத்தார்கள். முதல் குளிர்காலத்திலேயே அநேகம் இறந்தன. உறக்கம் என்றாலே பயம் வந்தது இயல்பு. ஜேர்மனியில் ஆமைகளைப் பார்க்கும் மிருக வைத்தியர்களும் அனுபவமுள்ள வளர்ப்பாளர்களும் பெரும்பாலும் மறுபக்கம். நலமான குஞ்சு முதல் ஆண்டிலேயே உறங்க வேண்டும், காலத்தை மட்டும் குறைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். ஆண்டு முழுவதும் தின்று வளரும் குஞ்சு அளவுக்கு மீறிய வேகத்தில் வளரும். ஈரலும் சிறுநீரகமும் ஓய்வில்லாமல் வேலை செய்யும். அந்த வளர்ச்சியின் பலன் ஐந்தாறு வருடம் கழித்தே தெரியும். ஐம்பது வருடத்துக்கு மேல் வாழக்கூடிய பிராணிக்கு ஐந்தாறு வருடம் பெரிய காலம் அல்ல.

எனக்குச் சரியென்று படுவது ஜேர்மன் பக்கம்தான். ஆனால் இரண்டு கட்சியும் ஒத்துக்கொள்ளும் ஒரு விடயம் எங்கள் வீடுகளுக்கு மிக முக்கியமானது. ஆமைக்கு ஒன்றில் முழுக் குளிர்காலம் கொடுக்க வேண்டும், அல்லது முழுக் கோடைகாலம் கொடுக்க வேண்டும். இடைப்பட்டது கூடாது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததை, பெயர் சொல்லாமல் சொல்லச் சம்மதித்திருக்கிறார்கள். இரண்டு குஞ்சுகள். குளிர்சாதனப்பெட்டி பாவம் என்று தாய் மறுத்துவிட்டார். பெட்டியை இருக்கையறை யன்னலோரம் வைத்தார்கள். கோடையில் பல்கனியில் இருந்தவை என்பதால் விளக்கு எதுவும் வாங்கவில்லை. அறையில் 18 பாகை இருந்தது, மனிதருக்கு அது போதும். குஞ்சுகள் நாளெல்லாம் மூலையில் கிடந்தன, சில நாள் ஓர் இலையைக் கடித்தன, மீண்டும் கண்ணை மூடின. "அதுகள் தாங்களாகவே நித்திரை கொள்ளுதுகள்" என்று எல்லோரும் ஆறுதலாக இருந்தார்கள். தைப்பொங்கலுக்கு முதல் கிழமை ஒன்று இறந்துவிட்டது. மற்றதை மிருக வைத்தியரிடம் கொண்டோடினார்கள், அது தப்பியது. நடந்தது இதுதான்: 18 பாகையில் உடம்பு சேமிப்பைச் செலவழிக்கும், ஆனால் தின்றதைச் சமிக்கப் போதிய சூடு இல்லை. வரவு நின்றுவிட்டது, செலவு நிற்கவில்லை. கணக்கியல் வேலை பார்ப்பவன் என்பதால் இப்படிச் சொல்ல வருகிறது, ஆனால் இதைவிடச் சரியாகச் சொல்லவும் எனக்குத் தெரியவில்லை. அந்தத் தாயின் இரக்கத்தில் எந்தக் குறையும் இல்லை. எங்களுக்கு இதமாக இருக்கும் அறைதான் அந்தக் குஞ்சுக்கு மிக ஆபத்தான இடம்.

சரி, எப்படி முடிவெடுப்பது? ஆவணி, புரட்டாதியிலேயே தொடங்க வேண்டும். புதிய மலத்தைச் சிறிய டப்பாவில் எடுத்து, ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியரிடம் கொடுத்துப் புழுக்களுக்கும் ஒட்டுண்ணிகளுக்கும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நாய் பூனை பார்க்கும் எல்லா மிருக வைத்தியர்களும் ஆமை பார்ப்பதில்லை, முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். டுப்பெலில் சுதந்திரப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியசாலையும் இருக்கிறது. புழு இருந்தால் மருந்து கொடுத்து, மறுபரிசோதனையில் சுகம் என்று தெரிந்த பின்பே உறக்கம். மூக்கில் சளி, வீங்கிய கண், மென்மையான ஓடு, கோடையிலும் நிறை கூடாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த ஆண்டு உறக்கம் வேண்டாம்.

நிறை பார்ப்பதற்குச் சமையலறைத் தராசு எல்லாம் உதவாது. ஒரு வயதுக் குஞ்சு 40 கிராம் என்று வையுங்கள். உறக்கத்தில் நிறையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் எழுப்பிவிட வேண்டும் என்பது பொது விதி. அந்தப் பத்தில் ஒரு பங்கு வெறும் 4 கிராம். ஐந்தைந்து கிராமாகத் தாவும் தராசு அதைக் காட்டவே காட்டாது. ஒரு கிராமை, முடிந்தால் அதற்கும் குறைவானதைக் காட்டும் தராசு வாங்குங்கள், விலை அதிகமில்லை. ஒரு கொப்பி போட்டுத் திகதியும் நிறையும் பிள்ளையே எழுதட்டும். ஜாக்சன் என்ற பிரித்தானிய மிருக வைத்தியர் 1980இல் ஆமையின் நீளத்துக்கு நிறை எவ்வளவு இருக்க வேண்டும் என்று அட்டவணை வெளியிட்டார். அதைப் பலர் இன்னும் சொல்வார்கள். சிறு குஞ்சுகளுக்கு அதை அப்படியே பொருத்த வேண்டாம். குஞ்சின் சொந்தக் கொப்பியே அதற்கு அளவுகோல்.

அடுத்தது இடம். நிலையாக 4 முதல் 6 பாகை வேண்டும். 8 பாகையைத் தாண்டித் தொடர்ந்து நின்றால் சேமிப்பு கரையும். உறைநிலைக்கு இறங்கினால் கண் கெடும், உயிரும் போகலாம். நொய்கெல்னின் பழைய கட்டடங்களில் கெல்லர் இருக்கிறதே என்பீர்கள். ஒரு வெப்பமானியைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். சூடேற்றும் குழாய்கள் ஓடும் கெல்லரில் பல இடங்களில் 12, 14 பாகை காட்டும். மீண்டும் அந்த இடைப்பட்ட நிலைதான். பல்கனியில் ஒரு நாள் 9, மறுநாள் இரவு பூச்சியத்துக்குக் கீழ் 7. பிரிட்ஸ் பக்கம் எங்கள் ஆட்கள் சிலர் சிறு தோட்டம் வைத்திருக்கிறார்கள். வளர்ந்த ஆமைகளை அங்கே மூடிய பாத்தியில் ஆழக் குழி வெட்டி உறங்க விடுபவர்கள் உண்டு. நாற்பது கிராம் குஞ்சை அப்படி விட நான் சொல்ல மாட்டேன். எலிக்கு அது ஒரு வாய்.

எஞ்சுவது குளிர்சாதனப்பெட்டி. தாய்மார் பயந்த அதே பெட்டிதான், ஆனால் சமையலறைப் பெட்டி அல்ல. ஒரு நாளைக்கு முப்பது தடவை கதவு திறக்கும் பெட்டியில் சூடு நிலைக்காது. ஆமைகளிடம் சல்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால் உணவுக்குப் பக்கத்தில் வைக்கவும் கூடாது. பழைய சிறிய பெட்டி ஒன்றைத் தனியாக வாங்கி, ஆமையை வைப்பதற்கு இரண்டு கிழமை முன்னரே ஓட விடுங்கள். ஆகக் கூடியதையும் ஆகக் குறைந்ததையும் பதிந்து வைக்கும் வெப்பமானியை உள்ளே வையுங்கள். சில நீர்ப் போத்தல்களையும் வைத்தால் சூடு ஏறி இறங்காது. காற்றுத் துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாவில் உரமிடாத மண், அதன்மேல் உலர்ந்த பூச் மரத்து இலைகள். மண் சற்று ஈரமாக இருக்கட்டும், கையில் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. கிழமைக்கு ஒரு தடவை கதவைத் திறந்து காற்று மாற்றினால் போதும். அந்தக் குளிரில் அதற்குத் தேவைப்படும் காற்று அவ்வளவு குறைவு.

ஆனால் ஓடி விளையாடும் ஆமையைப் பிடித்து உள்ளே வைத்துவிட முடியாது. மூன்று நான்கு கிழமையாக விளக்கு நேரத்தைப் பன்னிரண்டு மணித்தியாலத்திலிருந்து படிப்படியாகக் குறைத்து, சூட்டையும் 15, 12, 10 என்று இறக்க வேண்டும். ஆமை தானாகவே தீனைக் குறைத்து நிறுத்தும். இடையிடையே ஆழமில்லாத இளஞ்சூட்டு நீரில் இருத்தினால் நீர் குடிக்கும், குடலும் வெறுமையாகும். குடலில் சமிக்காத உணவோடு குளிருக்குள் போனால் அது உள்ளேயே அழுகும். தீபாவளிக் காலத்தில் விளக்கைக் குறைக்கத் தொடங்கினால் கார்த்திகை கடைசியில் அல்லது மார்கழி முதலில் பெட்டிக்குள் போகலாம். முதல் குளிர்காலத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு கிழமை போதும். சிவராத்திரிக்கு நாங்கள் விழித்திருக்கும்போது அதுவும் விழித்துவிடும்.

உறங்க வைக்க முடியாதவர்கள், அல்லது உறங்கக் கூடாத நோயுள்ள குஞ்சு வைத்திருப்பவர்கள், கோடையை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். விளக்கின் கீழே 35 பாகை, மறுமூலையில் அதைவிடக் குளிர்ச்சி, நாளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலப் பிரகாசம், புறஊதாக் கதிர் தரும் விசேட விளக்கு. அந்தக் கதிர் யன்னல் கண்ணாடி வழியே வராது, அது இல்லாமல் ஓடு உறுதிப்படாது. தீன் என்றால் காய்ந்த புல், லோவென்சான் என்னும் காட்டுக் கீரை, வாழைக்கீரை வகைக் களைகள், கடித்துக்கொள்ள ஒரு கணவாய் ஓடு. சோறும் பாணும் வாழைப்பழமும் பாசத்தின் அடையாளம்தான், ஆனால் ஆமைக்கு ஆகாது. 100 வாட் விளக்கு 150 நாள் எரிந்தால் 180 கிலோவாட் மணி. ஒரு கிலோவாட் மணி 35 சதம் என்று வைத்தால் 63 யூரோ. சிறிய குளிர்சாதனப்பெட்டி மூன்று மாதத்துக்கு அதில் ஒரு சிறு பங்குதான் எடுக்கும். காசைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்லவில்லை. விளக்கு வாங்காமல் விழித்திருக்க வைப்பவர்கள் எதை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளச் சொல்கிறேன்.

இடையில் பத்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. எண்பதுகளில் ஷோனெபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, பிரீட்ரிக்ஷ்ட்ராச வழியாக மேற்கு பேர்லினுக்குள் வந்த எங்கள் தலைமுறைக்குக் கடதாசியின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. கிரேக்க நில ஆமைக்கும் கடதாசி உண்டு. விற்பவர் ஐரோப்பிய ஒன்றிய விற்பனைச் சான்றிதழைத் தர வேண்டும். வாங்கியவர் இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். குஞ்சு வளர வளர ஓட்டின் படத்தையும் புதிதாக எடுத்து வைக்க வேண்டும். உறக்கத்துக்கு முன் நிறை பார்க்கும் நாளிலேயே படத்தையும் எடுத்துவிடுங்கள்.

உறங்கும் காலத்தில் கிழமைக்கு ஒரு தடவையாவது வெப்பமானியைப் பாருங்கள். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை மெதுவாக எடுத்து நிறுத்து, கொப்பியில் எழுதி, திரும்ப வையுங்கள். கால் நகத்தருகே தொட்டால் மெல்ல உள்ளிழுக்கும், அது நல்ல அடையாளம். சிறுநீர் கழித்திருந்தால், நிறை திடீரென்று விழுந்திருந்தால், நிலைகொள்ளாமல் தோண்டிக்கொண்டிருந்தால், உறக்கத்தை முடித்துவிடுங்கள். இன்னும் நான்கு கிழமை இருக்கிறதே என்று கணக்குப் பார்க்க வேண்டாம். ஒருமுறை எழுப்பியதை மீண்டும் உறங்க வைக்கவும் வேண்டாம்.

எழுப்புவதும் படிப்படியாகத்தான். ஓரிரு நாள் 10, 12 பாகை உள்ள இடம், பிறகு அறை, பிறகு விளக்கு. முதல் வேலை இளஞ்சூட்டு நீர். மூன்று மாதம் சிறுநீரகத்தில் தேங்கிய கழிவு வெளியேற நீர்தான் வழி, ஆதலால் தீனை விடக் குடிப்பது முக்கியம். நீண்ட நேரம் தலையைத் தாழ்த்திக் குடிக்கும், பயப்படாதீர்கள். சிறு பிள்ளைகள் தொட்டுப் பார்த்தால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வையுங்கள். அனேகமாக இரண்டு மூன்று நாளில் முதல் இலையைக் கடிக்கும். விளக்கும் சூடும் சரியாக இருந்தும் ஒரு கிழமை கடந்து தின்னாவிட்டால், கொப்பியையும் எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் போங்கள்.